ரீபூட் அடிக்கும் முன் அண்ணனுக்கு ஒரு போன்

கேள்வி: மதுரையில் அண்ணன் கடையில் மானிட்டரும் கீபோர்டும் இல்லாத பழைய பிசி ஒன்று டெபியன் லினக்ஸில் ஓடுகிறது. பில்லிங் பேக்கப் அதில்தான். நான் சென்னையில் இருந்து எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்து நெட் வழியே உள்ளே நுழையும் வழி) பார்த்துக்கொள்கிறேன். அது படுத்துவிட்டால் கைகொடுக்க இன்னொரு பார்ட்டிஷனில் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) சின்னதாக ஒரு டெபியன் போட்டு வைத்தேன், ஆனால் இதுவரை அதை பூட் செய்து பார்த்ததே இல்லை. இங்கிருந்தே சோதிக்கலாமா? திரும்பி வராவிட்டால் பஸ் ஏற வேண்டியதுதானா?

பதில்: சோதிக்கத்தான் வேண்டும். காற்று இருக்கிறதா என்று பார்க்காத ஸ்டெப்னியை நம்பி யார் ஊருக்குப் போவார்கள்? ஆனால் எந்த சிஸ்டம் தானாக எழும் என்ற டிஃபால்ட்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பலர் செய்வது அதுதான்: புது சிஸ்டத்தை டிஃபால்ட்டாக்கி ரீபூட் அடிப்பார்கள், அது தொங்கினால் எத்தனை தடவை பவரை அணைத்துப் போட்டாலும் அங்கேயே போய் நிற்கும். எந்த சிஸ்டத்தை ஏற்றுவது என்று மெஷின் எழும்போது பார்க்கும் நிரல்தான் க்ரப்; இதற்கென்றே அதில் க்ரப்-ரீபூட் என்ற கட்டளை இருக்கிறது. அடுத்த பூட் மட்டும் இன்ன என்ட்ரிக்கு (க்ரப் பட்டியலில் ஒரு சிஸ்டத்துக்கான வரி) என்று க்ரப்என்வ் என்ற 1024 பைட் கோப்பில் அது எழுதி வைக்கும். மெஷின் எழும்போது க்ரப் அதைப் படித்து, அழித்துவிட்டு, அப்புறம்தான் சிஸ்டத்தை ஏற்றும். உங்கள் இரண்டாவது டெபியன், அதாவது பேக்கப் சிஸ்டம், தொங்கினாலும் ஒரு தடவை பவரை அணைத்துப் போட்டால் பழையது வந்துவிடும்.

இதில் ஒரு குழி உண்டு, நானே விழுந்திருக்கிறேன். அந்தக் கோப்பு சாஃப்ட்வேர் ரெய்டிலோ எல்விஎம்மிலோ (டிஸ்க்குகளைச் சேர்த்தும் பிரித்தும் காட்டும் அமைப்புகள்) இருந்தால் க்ரப்பால் படிக்க முடியும், எழுத முடியாது. எழுத முடியாதென்றால் அழிக்கவும் முடியாது, ஒருமுறை என்று நினைத்தது நிரந்தரமாகிவிடும். ஒரு அலுவலக மெஷினில் நான் போனில் சொல்லச் சொல்ல வாட்ச்மேன் நாலு தடவை சுவிட்சை அணைத்துப் போட்டார், நாலு தடவையும் அதே உடைந்த கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி). அதனால் முதல் ஒத்திகையில் பேக்கப் சிஸ்டத்தைத் தொடவே வேண்டாம். இப்போது ஓடும் சிஸ்டத்தின் என்ட்ரியையே க்ரப்-ரீபூட்டுக்குக் கொடுத்து ரீபூட் செய்யுங்கள், வந்ததும் க்ரப்-எடிட்என்வ் லிஸ்ட் போட்டு நெக்ஸ்ட்_என்ட்ரி (அடுத்த பூட்டுக்கான குறிப்பு) காலியா என்று பாருங்கள். காலி என்றால் மேலே போகலாம். இல்லை என்றால் கையால் அழித்துவிட்டு, மெஷினின் ஃபர்ம்வேர் (பவர் போட்டதும் முதலில் ஓடும் உள் மென்பொருள்) யுஇஎஃப்ஐ என்ற புது வகையாக இருந்தால் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் (தலைவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) கட்டளையின் பூட்நெக்ஸ்ட்டைப் (இதுவும் அடுத்த பூட்டுக்கு மட்டும்தான்) பிடியுங்கள். அதைத் துடைப்பது ஃபர்ம்வேரின் வேலை, ரெய்டு அதற்குக் குறுக்கே வராது.

அடுத்தது, தொங்குவதிலும் வகை உண்டு. கெர்னல் பேனிக் ஆனால் (மீள முடியாத தவறில் சிக்கினால்) சும்மா நின்றுவிடும்; பூட் வரியில் பேனிக்=10 சேர்த்தால் 10 விநாடியில் தானே ரீபூட் ஆகும். டெபியனில் ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் பகுதி) கிடைக்காமல் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஓடும் தற்காலிகச் சிறு சிஸ்டம்) ஷெல்லில் உட்கார்ந்துவிடுவதையும் இதுவே தடுக்கும். இதைவிடத் தொல்லை தருவது, சிஸ்டம் நன்றாக எழுந்து நெட்வொர்க் மட்டும் வராமல் இருப்பது. கன்ஃபிக்கில் நெட்வொர்க் கார்டு ஈத்0 என்று இருக்கும், நிஜத்தில் கார்டின் பெயர் இஎன்பி2எஸ்0 ஆகியிருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பேக்கப் சிஸ்டத்தின் ரூட் க்ரானில் (நிர்வாகி பெயரில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியல்), பூட் ஆனதும் 900 விநாடி ஸ்லீப் (சும்மா காத்திருக்கும் கட்டளை), அது ஒழுங்காக முடிந்தால் ரீபூட் என்று ஒரு வரி போடுங்கள். உள்ளே நுழைய முடிந்தால் அந்த ஸ்லீப்பைக் கொன்றுவிடலாம். முடியாவிட்டால் கால் மணி நேரத்தில் மெஷின் தானே பழைய சிஸ்டத்துக்குத் திரும்பும். எஃப்எஸ்டேபில் (பூட்டில் இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்) ரூட் பார்ட்டிஷனைத் தவிர வேறு டிஸ்க் எதையும் வைக்காதீர்கள், வைத்தே தீரவேண்டும் என்றால் நோஃபெயில் (கிடைக்காவிட்டாலும் பூட் தொடரட்டும் என்ற குறிப்பு) சேருங்கள். இல்லாவிட்டால் எமர்ஜென்சி மோடில் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கும், அங்கே க்ரான் ஓடாது.

அப்புறம் நேரம். ராத்திரி பன்னிரண்டு மணிதான் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், கடை பூட்டியிருக்கும். மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் அண்ணனுக்கு போன் போட்டு, "நான் சொன்னால் பவர் பட்டனை அணையும்வரை அமுக்கிப் பிடியுங்கள், பிறகு ஒரு தடவை அழுத்துங்கள்" என்று சொல்லிவிட்டு ரீபூட் அடியுங்கள். பேக்கப் சிஸ்டம் வந்துவிட்டால் எஸ்எஸ்எச், ஹோஸ்ட் கீ (மெஷினின் அடையாளச் சாவி) மாறிவிட்டது என்று பெரிதாக மிரட்டும். பயப்படாதீர்கள். அந்தப் பார்ட்டிஷனை முன்பே மவுன்ட் செய்து (இணைத்து) அந்தக் கீயின் ஃபிங்கர்பிரின்ட்டைக் (சுருக்க அடையாளம்) குறித்து வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போகலாம்.

கேள்வி: அதையே விர்ச்சுவல் மெஷினில் ஓட்டிப் பார்த்தால் போதாதா?

பதில்: பாதி போதும். க்யூஎம்யூ என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் ஸ்னாப்ஷாட் மோடில் பூட் செய்தால் எஃப்எஸ்டேப், எஸ்எஸ்எச் தவறுகள் பிடிபடும், டிஸ்க்கிலும் எதுவும் எழுதப்படாது. ஆனால் அங்கே இருப்பது போலி நெட்வொர்க் கார்டு. கடை பிசியின் கார்டுக்கு ஃபர்ம்வேர் கோப்பு (கார்டுக்குள் ஏற்றும் மென்பொருள்) வேண்டுமா, பேக்கப் சிஸ்டத்தில் அது இருக்கிறதா என்பது நிஜ மெஷினில்தான் தெரியும். இன்னொன்று, இரண்டு சிஸ்டமும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் டிஸ்க் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். சின்ன எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் பேக்கப் சிஸ்டத்தை அதற்கு மாற்றுங்கள்.