வின்ஸ்டனின் கால்புண்ணைப் பின்தொடர்ந்து போங்கள்

கேள்வி: பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலில் பாத்திரமும் களமும் பற்றி அசைன்மென்ட். லண்டனைப் பற்றி இரண்டு பக்கம், வின்ஸ்டன் ஸ்மித்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். 'இது வெறும் கதைச்சுருக்கம்' என்று திருப்பித் தந்துவிட்டார்கள். எப்படித் திருத்துவது?

பதில்: இது இரண்டு பக்கம், அது இரண்டு பக்கம் என்று பிரித்தீர்கள் பாருங்கள், அங்கேயே சிக்கல் தொடங்கிவிட்டது. இந்த நாவலில் இடம் என்ன செய்கிறது என்பது வின்ஸ்டனின் உடம்பில்தான் தெரியும். முதல் அத்தியாயத்தை மறுபடி எடுங்கள். வின்ஸ்டன் குடியிருக்கும் விக்டரி மேன்ஷன்ஸ் அடுக்குமாடியில் லிஃப்ட் நல்ல நாளிலேயே ஓடாது, இப்போது நாட்டை ஆளும் கட்சி எதிரிகள்மேல் வெறுப்பைக் கிளப்ப நடத்தும் வெறுப்பு வாரத்துக்காகச் சிக்கனம் என்று பகலில் கரண்டையும் நிறுத்திவிட்டார்கள், வீடோ ஏழு மாடி ஏறிப் போகவேண்டிய உயரத்தில். ஏறுபவனுக்கு 39 வயது, வலது கணுக்காலுக்கு மேலே வெரிகோஸ் புண், அதாவது ரத்தக்குழாய் வீங்கி வரும் ஆறாப் புண். நின்று நின்று ஏறுகிறான். ஆட்சியின் சிக்கனம் எந்த இடத்தில் போய் வலிக்கிறது என்று அந்தப் படிக்கட்டிலேயே தெரிந்துவிடுகிறது.

அப்புறம் வீட்டுக்குள் வாருங்கள். என்னைக் கேட்டால் இதுதான் உங்கள் கட்டுரையின் மையமாக இருக்க வேண்டும். வழக்கமாக, வீட்டில் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கும் திரையான டெலிஸ்கிரீனை அறை முழுதும் தெரிகிற மாதிரி கடைசிச் சுவரில் பொருத்துவார்கள். இங்கே ஜன்னலுக்கு எதிரே நீளச் சுவரில் இருக்கிறது. அதனால் பக்கத்தில், புத்தக அலமாரிக்காக விட்டது போன்ற ஒரு உள்வாங்கிய மூலை அதன் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. அங்கே உட்கார்ந்தால் அவன் பேசுவது கேட்கும், ஆள் தெரியமாட்டான். கட்சிக்குத் தெரியாமல் டைரி எழுதும் எண்ணம் வந்ததற்கு அறையின் இந்த அமைப்பும் ஒரு காரணம் என்று ஆர்வெல்லே சொல்லிவிடுகிறார். வின்ஸ்டன் துணிச்சல்காரன் என்று மொட்டையாக எழுதாமல், இந்த மூலை இல்லாவிட்டால் அந்தத் துணிச்சல் வெளியே வந்திருக்குமா என்று கேளுங்கள். பேனாவை எடுத்த பிறகும் எழுத வரவில்லை, புண் அரிக்கிறது, சொறிந்தால் வீங்கிவிடும் என்று கையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பிறகு திடீரென்று பதறிப்போய் எழுத ஆரம்பிக்கிறான். கேமராவுக்குத் தெரியாத இடத்தில்கூட அவனால் உடம்பைத் தளரவிட முடியவில்லை.

இனி அந்தப் புண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். இரண்டாம் பாகத்தில், சாரிங்டன் என்பவரின் பழம்பொருள் கடை மாடியறையில் காதலி ஜூலியாவோடு பழகும் நாட்களில் அது ஆறி, பழுப்புத் தழும்பாகிவிடுகிறது. உடம்பு தேறுகிறது, காலை இருமல் நிற்கிறது. அந்த அறையிலும் படத்துக்குப் பின்னால் டெலிஸ்கிரீன் இருந்தது என்பது பின்னால்தான் தெரியவரும், அதைத் தெரிந்துகொண்டு இந்தப் பகுதியை மறுபடி படித்தால் அந்தச் சுகமே கலக்கத்தைத் தருகிறது. மூன்றாம் பாகத்தில், பிடிபட்டவர்களைச் சித்திரவதை செய்யும் அன்பு அமைச்சகத்தில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது புண் சிவந்து வீங்கித் தோல் உரிந்து கிடக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் அதே இடத்து ஆட்கள் அதற்கு மருந்து போட்டுவிடுகிறார்கள். சித்திரவதையைவிட இந்த மருந்துதான் எனக்குப் பயங்கரமாகப் படுகிறது. அவன் உடம்பைக் குலைப்பதும் தேற்றுவதும் இப்போது கட்சியின் கையில்.

ஒன்று மட்டும் கவனம். 'புண் என்பது அடக்குமுறையின் குறியீடு' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள், அப்படி எழுதினால் புண்ணும் போய்விடும், வின்ஸ்டனும் போய்விடுவான். அது எங்கே அரித்தது, எங்கே ஆறியது, யார் மருந்து போட்டார்கள் என்று இடத்தைச் சொல்லி எழுதுங்கள்.

நான்கு பக்கத்துக்கு இது தாராளமாகப் போதும். வின்ஸ்டன் வேலை பார்க்கும் உண்மை அமைச்சகத்தின் 300 மீட்டர் உயரம், மூவாயிரம் அறைகள் எல்லாம் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை, லண்டன் பக்கங்களைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.