இசக்கி என்று பெயர் வைத்தால் சிரிப்பார்களா?

கேள்வி: எனக்குப் பெண் குழந்தை பிறந்து 40 நாள் ஆகிறது. கணவரின் அம்மா இரண்டு வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டார். அவர் பெயர் இசக்கியம்மாள். அந்தப் பெயரைத்தான் பிள்ளைக்கு வைக்க வேண்டும் என்று கணவரும் மாமனாரும் ஆசைப்படுகிறார்கள். அத்தை என்னை மகள் மாதிரிதான் வைத்திருந்தார், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சென்னையில் இருக்கும் என் அக்கா, “ஏட்டி, இந்தக் காலத்துல போய் இசக்கியா? பிள்ளை ஸ்கூலுக்குப் போனா எல்லாரும் சிரிப்பாங்க” என்கிறாள். நான் ஆத்யா என்று யோசித்து வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாகூடத் தன் பேத்திக்கு ரித்திஷா என்று வைத்திருக்கிறார். அவர்களே அப்படி வைக்கும்போது நாங்கள் இசக்கி என்று வைத்தால் எப்படி இருக்கும்?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளைக்கும் உங்களுக்கும் என் வாழ்த்து. பச்சை உடம்போடு, ராத்திரித் தூக்கம் இல்லாத நாட்களில் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். மனசு எவ்வளவு அல்லாடுகிறது என்று புரிகிறது.

நான் திருநெல்வேலிப் பக்கம் பல வருடம் டீச்சராக இருந்தவள். தினமும் காலையில் பெயர் வாசித்து வாசித்தே இந்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் என் நாக்கில் ஏறிவிட்டன. ஒரே வகுப்பில் மூன்று இசக்கிமுத்து, இரண்டு மாடசாமி, பேச்சியம்மாள், சுடலைமுத்து, முப்பிடாதி, உச்சிமாகாளி என்று இருப்பார்கள். ஒரு வருடம் வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஓர் ஆசிரியை, இசக்கியம்மாள் என்ற பெயரை வாசிக்கும்போது லேசாகச் சிரித்துவிட்டார். வகுப்பே சிரித்தது. அடுத்த நாள் நான் வாசிக்கிறேன். “இச...” என்று தொடங்குவதற்குள் அந்தப் பிள்ளை “உள்ளேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். முழுப்பெயர் யார் காதிலும் விழக்கூடாது என்று முந்திக்கொண்டு சொல்கிறது. பத்து வயதுப் பிள்ளை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதனால் உங்கள் அக்கா சொல்வது வெறும் பயம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

பழைய பெயர் என்பதாலா? அப்படியென்றால் காந்திமதி என்று கேட்டாலும் சிரிக்க வேண்டுமே. யாரும் சிரிப்பதில்லை. நெல்லையப்பர் கோயில் அம்மன் பெயர் என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். சங்கரன்கோவில் கோமதி, திருக்குறுங்குடி நம்பி, எல்லாம் அப்படித்தான். நாட்டுப்புறக் கதைப்பாடல்களைத் தேடித்தேடிச் சேர்த்த பேராசிரியர் நா. வானமாமலை நாங்குநேரிக்காரர். அவர் பெயர் அந்த ஊர்ப் பெருமாளின் பெயர். அதைக் கேட்டு யாருக்கும் சிரிப்பு வராது. கோபுரம் உள்ள கோயில் சாமி என்றால் அழகான பழைய பெயர். இசக்கி மாதிரி ஊருக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிற சாமி என்றால் பட்டிக்காட்டுப் பெயர். இரண்டு வீட்டிலும் செய்தது ஒரே காரியம், கும்பிட்ட சாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள், அவ்வளவுதான். யார் கும்பிட்டார்கள், எந்தத் தெருவிலிருந்து வந்து கும்பிட்டார்கள் என்பதில்தான் சிரிப்பு இருக்கிறது.

உங்கள் மகளின் ஆச்சி பெயர் அப்படி லேசான பெயரும் அல்ல. இயக்கி என்ற பெண்தெய்வத்தின் பெயர்தான் நம் வாயில் இசக்கி ஆனது. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த மாதரி எப்படி அறிமுகமாகிறாள் தெரியுமா? மதுரைக்கு வெளியே ‘பூங்கண் இயக்கி’க்குப் பால்மடை, அதாவது பால் படையல், கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறவளாக. ஆயர் குலத்து முதுமகள் கும்பிட்ட அந்த இயக்கியின் பெயர் இன்றைக்கும் இந்தப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டில் ஒலிக்கிறது. கையில் பிள்ளையை ஏந்தி நிற்கிற சாமி அது. பிள்ளை வரம் கேட்டு அவள் கோயிலில் தொட்டில் கட்டிவிட்டு வருகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வகுப்பில் அந்தப் பிள்ளையை நிற்க வைத்து, மாதரி கதையை முழுக்கச் சொன்னேன். அப்புறம் சில நாள் கழித்து, முழுப்பெயரும் வாசித்து முடித்த பிறகு “உள்ளேன் டீச்சர்” வந்தது.

சரி, இன்னொன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. வருத்தப்படாமல் படியுங்கள். ‘வேலை செய்கிற அம்மாகூட’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘அவர்களே’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அக்கா இசக்கியைக் கேட்டுச் சிரித்தது உங்களுக்கு வலிக்கிறது. அந்தக் ‘கூட’வில் இருப்பதும் அதே சிரிப்புதான், ஆள்தான் வேறு. ரித்திஷாவுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆத்யாவிடம் அவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

இந்த ஊரில் பெயரைக் கேட்டதும், “அப்பா பேரென்ன, எந்தத் தெரு?” என்று அடுத்த கேள்வி வரும். வருகைப் பதிவேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னார் பிள்ளை இன்ன ஆள் என்று கணக்குப் போட்ட பெரியவர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கில் தலைமுறை தலைமுறையாகச் சிக்கியவர்கள், தன் பேத்தியின் பெயரிலிருந்து ஒருவரும் தெருவைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று நினைத்தால் அதில் என்ன தப்பு? ஷ, ஸ்ரீ எல்லாம் அவர்களுக்கு ஒரு கதவு. அந்த அம்மா ஏன் ரித்திஷா என்று வைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் உட்கார வைத்து, காபி கொடுத்து, “பேரு நல்லாருக்கே, யாரு தேடினது?” என்று கேளுங்கள். ஆசையாகச் சொல்வார்.

இப்போது உங்கள் பிள்ளைக்கு வருவோம். பதிவுக்கு ஆத்யா, வீட்டில் இசக்கி என்று வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு பெயர் நமக்குப் புதிது இல்லை. என் அக்காவுக்கு எங்கள் அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர். மாமியார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்று எங்கள் அம்மா கடைசிவரை அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டாள். பாப்பாவுக்குப் பேரன் பிறந்த பிறகும் பாப்பாதான். அது மரியாதையில் வந்த இரண்டாவது பெயர். வெளியே தெரிந்தால் வெட்கம் என்று ஒரு பெயரை வீட்டுக்குள் பூட்டினால், அந்த வெட்கத்தைப் பிள்ளையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், இசக்கி என்றே வையுங்கள். அம்மாள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், இசக்கி மட்டுமே அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து மாதம் சுமந்தவள் நீங்கள். ஆத்யா என்று கூப்பிடும்போதுதான் உங்களுக்கு உள்ளே இனிக்கிறது என்றால் அதையே வையுங்கள், மாமனாரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். அக்கா சிரிப்பாள் என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள்.

அவசரமும் இல்லை. பிறப்பு பதிவாகியிருக்கும், பெயருக்கான இடம் காலியாக இருக்கும். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை எழுதிவிட்டால் மாற்றுவது பெரிய அலைச்சல். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்பதால், எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக் கொடுங்கள்.

இசக்கி என்று முடிவு செய்தால் ஆங்கில எழுத்தில் ஒரு சின்னக் குழப்பம் வரும். நம் பக்கத்தில் ‘ஈ’ (E) என்ற எழுத்தில் தொடங்குகிறவர்களும் உண்டு, ‘ஐ’யில் (I) தொடங்குகிறவர்களும் உண்டு. அத்தையின் ரேஷன் கார்டோ ஆதார் அட்டையோ மாமனாரிடம் பத்திரமாக இருக்கும். வாங்கிப் பாருங்கள், அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே பிள்ளைக்கும் எழுதுங்கள்.