காறை எலும்பு முறிந்தால் கையின் பாரத்தைத் தாங்குங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 38. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, இடது காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோள்வரை போகும் எலும்பு) நடுவில் முறிந்துவிட்டது. இன்று ஐந்தாம் நாள். அரசு மருத்துவமனையில் ஸ்லிங் (கையை ஏந்தும் தூளிக்கட்டு) மட்டும் மாட்டி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். மாவுக்கட்டுகூடப் போடவில்லை. மாமியார் உருட் (மலாய் முறையில் தேய்த்துவிடும் வைத்தியம்) போடுபவரிடம் கூட்டிப்போகச் சொல்கிறார். தைப்பூசத்துக்கு 10 வாரம்தான் இருக்கிறது. அவர் காவடி நேர்ந்திருக்கிறார். என்ன செய்வது? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: உருட் வேண்டாம், சின்சே எனும் சீன வைத்தியரும் வேண்டாம். காறை எலும்புக்கு அடியில் கைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாயும் நரம்புக் கற்றையும் ஓடுகின்றன. அங்கேயே நுரையீரலின் நுனியும் இருக்கிறது. முறிந்த முனையை அந்த இடத்தில் அழுத்துவது விளையாட்டல்ல. எலும்பைக் கூட்டவேண்டிய இளந்திசுவும் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும். தேய்த்தால் அது பிய்ந்துவிடும்.

மாவுக்கட்டு போடாததில் குறையில்லை. மூச்சுவிட்டாலே அசையும் எலும்பை மாவு போட்டு நிறுத்த முடியாது. முன்பு இரு தோளையும் பின்னுக்கு இழுத்து எட்டு வடிவில் கட்டுவார்கள். அக்குள் அறுபட்டதுதான் மிச்சம், எலும்பு அதனால் மேலாகக் கூடவில்லை.

ஸ்லிங் போதும், ஆனால் அதைச் சரியாக மாட்டவேண்டும். நடுவில் முறிந்தால் கழுத்துத் தசை உள்துண்டை மேலே இழுக்கும். கையின் பாரம் வெளித்துண்டைக் கீழே இழுக்கும். அந்தப் பாரத்தைச் சுமப்பதுதான் ஸ்லிங்கின் வேலை. பலர் மணிக்கட்டை மட்டும் ஏந்திக்கொண்டு முழங்கையைத் தொங்கவிடுகிறார்கள். அப்படி மாட்டுவதும் மாட்டாததும் ஒன்றுதான். முழங்கை மூலைவரை உள்ளே அமரவேண்டும், மணிக்கட்டு அதைவிடச் சற்று உயரத்தில் இருக்கவேண்டும், பட்டி முறிந்த இடத்தில் உரசக்கூடாது.

முதல் இரண்டு வாரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கட்டும். முழங்கைக்கு அடியிலும் ஒரு சிறு தலையணை வையுங்கள். குளிக்கும்போது ஸ்லிங்கைக் கழற்றலாம். இலேசாகக் குனிந்தால் கை தானே விலகும், அக்குளைக் கழுவித் துடைத்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அக்குள் வெந்து புண்ணாவது முறிவை விடவும் தொல்லையாகிவிடும். சட்டை போடும்போது அடிபட்ட கை முதலில் நுழையவேண்டும், கழற்றும்போது கடைசியில் வரவேண்டும்.

வலிக்குப் பாராசிட்டமோல் 500 மி.கி. மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. நாளுக்கு 8 மாத்திரையைத் தாண்டக்கூடாது. கல்லீரல் நோய் இருந்தால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். பனடோலும் அதே மருந்துதான், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். சிகரெட் பிடிப்பவரானால் நிறுத்தச் சொல்லுங்கள். எலும்பு கூடாமல் இழுத்தடிப்பதற்குப் புகை ஒரு முக்கியக் காரணம். விரால் மீன் சூப் வைத்துக் கொடுங்கள், புரதம் நல்லது. ஆனால் அது மட்டும் எலும்பை ஒட்டிவிடாது.

விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் இன்றே அசைக்கத் தொடங்கலாம்: நாளுக்கு 4 முறை, தடவைக்கு 10. பத்து நாள் அளவில் வலி தணிந்ததும், குனிந்து வலது கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு இடது கையை ஊஞ்சல்போல ஆட்டட்டும். ஸ்லிங் பொதுவாக 2 முதல் 4 வாரம். 6 வாரம்வரை கை தோளுயரத்தைத் தாண்டக்கூடாது, ஒரு கோப்பைத் தேநீரைவிடக் கனமாக எதையும் தூக்கக்கூடாது. பயந்துகொண்டு ஆறு வாரமும் ஸ்லிங்கிலேயே வைத்தால் எலும்பு கூடியிருக்கும், தோள் இறுகிப் போயிருக்கும். பிறகு மாதக்கணக்கில் பிசியோதான்.

வலி குறைந்துவிட்டது என்று இரண்டாம் வாரச் சந்திப்பைத் தவறவிடாதீர்கள். முதல் வாரங்களில் துண்டுகள் நகரக்கூடும். முனைகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா, எலும்பு எத்தனை செ.மீ. குறுகியிருக்கிறது என்று கேளுங்கள். 2 செ.மீ.க்கு மேல் குறுகியிருந்தாலோ முனைகள் தொடாமல் நின்றாலோ பிளேட்டும் ஸ்குருவும் வைப்பது பற்றிப் பேசுவார்கள். முனைகள் விலகி நிற்கும் முறிவை அப்படியே விட்டால் ஏறக்குறைய ஏழில் ஒன்று கூடாமல் போகிறது. அறுவை செய்தால் அது வெகுவாகக் குறையும்; ஆனால் தழும்பின் கீழ் மரத்துப்போவதும் பிளேட் தோலடியில் உறுத்துவதும் உண்டு. அறுவையில்லாமல் கூடினால் ஒரு புடைப்பு நிலைக்கும். அது அழகுக் குறை மட்டுமே.

முறிந்த இடத்தில் தோல் கூடாரம்போல் தூக்கி வெளிறினாலோ, விரல்கள் மரத்துக் குளிர்ந்தாலோ, கை வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கப்சாய் எனும் சிறிய மோட்டார் சைக்கிளில் கிளட்ச் பிடியில்லை, இடது கைக்கு வேலையும் குறைவு. அதனால் நான்காம் வாரமே ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். குழியில் இறங்கும் ஒவ்வொரு அதிர்வும் ஹேண்டில் வழியே நேராக முறிவில்தான் இடிக்கும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்பதால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இழப்பீடு கோரலாம். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) விபத்து நாளையும் சேர்த்து 4 நாளுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். போலீஸ் புகாரும் எம்.சி.யும் பத்திரம்.

காவடி இந்த ஆண்டு வேண்டாம். சட்டம் தோளில் அழுத்தும் இடமே காறை எலும்புதான். எக்ஸ்ரேயில் கூடியதாகத் தெரிந்தாலும் 10 வாரத்து எலும்புக்குப் பழைய பலம் வந்திருக்காது. பால்குடம் எடுக்கலாமா என்றால், கை வலியின்றி முழுக்க உயர்கிறதா என்று பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் 500க்கும் மேற்பட்ட படிகள், கூட்ட நெரிசல் வேறு. மருத்துவர் சம்மதித்தால், வலது கை மட்டுமே தாங்கக்கூடிய சிறிய குடமாக எடுங்கள். இடதுபக்கம் யாரும் இடிக்காதபடி நீங்கள் கூடவே ஏறுங்கள்.