கெம்பர் வானுக்குப் புகை அலார்ம், சீஓ அலார்ம்: கேட்டவர்களுக்குப் பதில்

வான்களைக் கெம்பராக மாற்றும்போது உள்ளே வயரிங் செய்து கொடுப்பது என் வேலை. பழைய ஹயேஸ் வான் ஒன்றில் கட்டிலும் அடுப்பும் வைத்து, நுவரெலியா, அறுகம்பே என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கொழும்பில் கூடிவிட்டார்கள். தீப்புகை, காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு (பெட்டியில் ‘சீஓ’ என்று இருக்கும்) பற்றி அவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் திரை வைத்த சீஓ அலார்ம் ஒன்று மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?

தம்பி, விலையைப் பார்க்க முதல் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ‘ஈஎன் 50291-2’ என்ற ஐரோப்பியத் தர எண் இருக்க வேண்டும். கடைசியில் 1 என்றால் வீட்டுக்கு, 2 என்றால் கரவன், படகு போன்றவற்றுக்கு. ஓடும் வண்டியின் குலுக்கலைத் தாங்குமா என்று சோதிப்பது இந்த இரண்டாவதில்தான். அமெரிக்கப் பொருளென்றால் ‘யூஎல் 2034’ என்ற எண்ணோடு, ஆர்வி, அதாவது தங்கிப் பயணிக்கும் வாகனத்துக்கு ஏற்றது என்றும் எழுதியிருக்க வேண்டும். புகை அலார்முக்கு ‘ஈஎன் 14604’. ‘சீஈ’ என்ற ஐரோப்பிய முத்திரை மட்டும்தான் இருக்கிறது, எண் ஒன்றும் இல்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

திரையில் பூச்சியம் தெரிகிறது என்று நம்பவும் வேண்டாம். சென்சர் செத்த மெஷினும் பூச்சியம்தான் காட்டும். சோதனை பட்டனை அழுத்தினால் சத்தமும் பற்றரியும் சரியா என்று தெரியும், சென்சர் வாயுவைப் பிடிக்குமா என்று தெரியாது. அதனால்தான் அந்த எண்ணை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அடுப்பு எரியும்போது திரையில் 50 காட்டியது, ஆனால் அலார்ம் அடிக்கவில்லை. பழுதா?

பழுதாக இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பியத் தரப்படி 50 பீபீஎம் (காற்றின் பத்து இலட்சம் பங்கில் 50 பங்கு) என்றால் 60 முதல் 90 நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும். 100 என்றால் 10 முதல் 40 நிமிடம். 300 வந்தால் 3 நிமிடத்துக்குள். இந்த வாயு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக, இரத்தத்தில் ஒட்சிசனைக் காவும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் சுவாசிக்கிறோமோ அவ்வளவுக்கு இரத்தத்தில் சேரும். நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது அதற்காகத்தான்.

ஆனால் 50 காட்டுகிற அடுப்பை அப்படியே விடாதீர்கள். சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிகிறதா, சட்டியின் அடி கரிபிடிக்கிறதா என்று பாருங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள், பர்னரைக் கழற்றித் துப்புரவாக்குங்கள்.

தெஹிவளையிலிருந்து ஓர் அக்கா: நுளம்புத்திரி கொளுத்தினாலே புகை அலார்ம் கத்துகிறது. பற்றரியைக் கழற்றி வைத்திருக்கிறோம்.

அக்கா, இன்றைக்கே திரும்பப் போடுங்கள். வானுக்குள் நுளம்புத்திரி வேண்டாம், வலை கட்டுங்கள். அடுத்த முறை வாங்கும்போது ஒளியால் புகையைப் பிடிக்கும் ஒப்டிக்கல் வகையாகப் பாருங்கள். மெத்தை, வயர் போன்றவை புகைந்து தொடங்கும் தீயை அது சீக்கிரம் பிடிக்கும், தாளிப்புக்கு மற்ற வகையான அயனாக்க அலார்ம் அளவு கத்தாது. சிறிது நேரம் சத்தத்தை அடக்கும் பட்டன் இருந்தால் நல்லது. கூரையில், அடுப்பிலிருந்து முடிந்தவரை தள்ளிப் பூட்டுங்கள். சின்னப் பூச்சி உள்ளே புகுந்தாலும் கத்தும், தூரிகையால் தட்டிவிடுங்கள்.

வத்தளையிலிருந்து: 2021 கடைசியில் காஸ் வெடித்த வீடுகளை நினைத்தால் பயம். சீஓ அலார்ம் காஸ் கசிவுக்கும் அடிக்குமா?

அடிக்காது. சமையல் காஸ் வேறு, காபனோரொட்சைட்டு வேறு. காஸ் காற்றைவிடப் பாரமானது, தரையில் தங்கும். அதற்குத் தனி டிடெக்டர், தரைக்குக் கிட்ட. சீஓ அலார்மைப் படுக்கையில் தலை இருக்கும் உயரத்தில் வையுங்கள், திரைச்சீலைக்குப் பின்னால் வேண்டாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து: அலார்ம் இருக்கிறதுதானே, எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் படுக்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். வான் நிற்கும்போது சைலன்சர் புகை அடியிலேயே சுழலும். வயர் இறக்கத் தரையில் போட்ட ஓட்டைக்கு ரப்பர் வளையம் இல்லாத வண்டிகள் என் கையில் வந்திருக்கின்றன. சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. நேர் கீழே புகைக்குழாய். அதற்கு மேலே பிள்ளைகள் படுக்கும் மெத்தை.

நுவரெலியாக் குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே எடுப்பதும் இதே ஆபத்துதான். நன்றாகத் தணலான கரியில் புகை குறைவு, புகை அலார்ம் சும்மா இருக்கும், சீஓ மட்டும் ஏறிக்கொண்டே போகும். நித்திரையில் இருப்பவருக்குத் தலையிடி தெரியாது. அலார்ம் என்பது மற்றதெல்லாம் தவறினால் எழுப்புவதற்கு. ஜெனரேட்டரையும் வானிலிருந்து நன்றாகத் தள்ளி, காற்று எதிர்ப்பக்கம் போகிற மாதிரி வையுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: அடுப்பும் எஞ்சினும் அணைத்திருக்க, நடுச்சாமத்தில் சீஓ அலார்ம் அடித்தது. ஏன்?

வானுக்குள் ஈய அமில பற்றரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்ததா? அதிலிருந்து வரும் ஐதரசனுக்கும் பல சீஓ சென்சர்கள் அடிக்கும். அதுவும் வெடிக்கும் வாயுதான், பற்றரிப் பெட்டியிலிருந்து வானுக்கு வெளியே போகிற மாதிரிக் காற்றுப்போக்கி வையுங்கள். பக்கத்தில் நின்ற வண்டியின் ஜெனரேட்டராகவும் இருக்கலாம்.

காரணம் தேடுவது பிறகு. அடித்தால் முதலில் எல்லோரும் வெளியே, அப்புறம் கதவுகளைத் திறந்து விடுங்கள். தலையிடி, சத்தி, தலைச்சுற்று இருந்தால் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். விரலில் மாட்டி இரத்த ஒட்சிசனை அளக்கும் ஒக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள், சாதாரண ஒக்சிமீட்டருக்கு இந்த வாயு ஏறிய இரத்தமும் ஒட்சிசன் ஏறிய இரத்தமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து: லண்டனிலிருந்து மச்சான் தன் கரவனில் இருந்த அலார்மைக் கொண்டுவருகிறாராம். பாவிக்கலாமா?

பின்னால் மாற்ற வேண்டிய திகதி அச்சிட்டிருக்கும். அது தாண்டியிருந்தால் வேண்டாம், சென்சர் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் வயதுபோகும். எந்த வெப்பநிலை வரை வேலைசெய்யும் என்பதையும் வாசியுங்கள். பல அலார்ம்களுக்கு 40 பாகைதான் எல்லை, காலி முகத்திடலில் மத்தியானம் பூட்டி நிறுத்திய வான் அதைச் சுலபமாகத் தாண்டும். புதிதாகக் கொண்டுவரச் சொல்ல முடிந்தால், கழற்ற முடியாத லித்தியம் பற்றரி வைத்ததாகச் சொல்லிவிடுங்கள்.