பிடிஎஃப்/எக்ஸ்-4-க்கு மாறியதும் கறுப்பு எழுத்து நான்கு வண்ணத்தில் வருவது

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் எக்ஸ்போர்ட் பெட்டியில் ‘அவுட்புட்’ பகுதிக்குப் போய், ‘கன்வர்ட் டு டெஸ்டினேஷன்’ என்றிருப்பதை ‘பிரிசர்வ் நம்பர்ஸ்’ என்று முடியும் தேர்வாக மாற்றுங்கள். மாத இதழை பிடிஎஃப்/எக்ஸ்-4-க்கு (அச்சுக்கான பிடிஎஃப் தரம்) மாற்றியதும் உள்பக்க எழுத்து தடித்து, ஓரத்தில் சிவப்பும் நீலமும் தெரிகிறது என்றீர்கள். எக்ஸ்-4 மேல் தவறில்லை, தயவுசெய்து அதைக் கைவிட்டுவிடாதீர்கள்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: இன்டிசைன் ஃபைல் அமெரிக்க ஸ்வாப் ப்ரொஃபைலில் (அச்சு முறைக்கேற்ற வண்ண அளவுக் குறிப்பு) இருக்கும், அச்சகம் கேட்டது ஐரோப்பிய ஃபோக்ரா 39 ஆக இருக்கும். இரண்டும் வேறு என்பதால், 100% கறுப்பும் நான்கு மைகளின் கலவையாக மாறிவிடுகிறது. ‘பிரிசர்வ் நம்பர்ஸ்’ அந்த மை அளவுகளை மாற்றாமல் விடும். கலவையாக இருந்தால், 9 பாயின்ட் எழுத்தில் ஒரு மையின் பிளேட் (அச்சுத் தகடு) இம்மி விலகினாலும் கண்ணில் படும்.

சோதிக்க, அக்ரோபாட் ப்ரோவில் ‘அவுட்புட் பிரிவியூ’ திறந்து ‘பிராசஸ் பிளாக்’ டிக்கை மட்டும் எடுங்கள். எழுத்து முழுசாக மறைந்தால் சரியாகிவிட்டது. பழுப்பாக ஒரு நிழல் நின்றால் இன்னும் நான்கு வண்ணம்தான்.

வேர்டிலிருந்து ஆர்ஜிபி (திரைக்கான வண்ண முறை) கறுப்போடு வந்த எழுத்துக்கு இது உதவாது. அதை இன்டிசைனின் ஸ்வாட்ச்சில் (வண்ணப் பட்டியலில்) உள்ள ‘பிளாக்’குக்கு நீங்களே மாற்ற வேண்டும். விளம்பர பிடிஎஃப்பில் அந்தக் கோளாறு இருந்தால் ஏஜென்சிக்கே திருப்பி அனுப்புங்கள்.

இன்னொன்று, எக்ஸ்-4 ட்ரான்ஸ்பரன்சியை (நிழல் போன்ற, அடியில் உள்ளது தெரியும் பகுதிகளை) தட்டையாக்காமல் அப்படியே அனுப்பும். அச்சகத்தின் ரிப் (பிடிஎஃப்பை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் மென்பொருள்) பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் வகையென்றால் நிழல் விழும் இடங்கள் கெட்டுப்போகலாம். நிழல் அதிகமுள்ள ஒரே ஒரு பக்கத்தை முதலில் அனுப்பி ப்ரூஃப் வாங்குங்கள். அது சரியாக வராவிட்டால், ரிப் மாறும்வரை, தட்டையாக்கி அனுப்பும் எக்ஸ்-1ஏ தரத்தில் கொடுங்கள்.