அப்பா கையெழுத்து இல்லாமல் குழந்தைக்குக் குடியுரிமை கிடைக்குமா?

டெல்லித் தமிழர்கள் சிலர் கேட்ட கேள்விகளும், குடியுரிமை, பாஸ்போர்ட் விவகாரங்களைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரின் பதில்களும்.

மயூர் விஹார் வாசகி: கணவரும் நானும் பிரிந்து வாழ்கிறோம். மகன் டெல்லியில் பிறந்தவன். அவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். பையனின் குடியுரிமை என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது, மேடம். நீங்கள் இருவரும் இந்தியர்கள், அவன் இங்கே பிறந்தவன். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி பிறந்தபோதே அவன் இந்தியக் குடிமகன். அதற்கு யார் சம்மதமும் வேண்டாம், விண்ணப்பமும் கிடையாது. கையெழுத்துக் கேட்பது பாஸ்போர்ட்டுக்கு. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

பாஸ்போர்ட்டுக்கு இருவரும் சம்மதித்தால் அனெக்ஸர் டி என்ற உறுதிமொழிப் படிவம். ஒருவர் மறுத்தால், காரணத்தைச் சொல்லி நீங்கள் மட்டும் கையெழுத்திட்டு அனெக்ஸர் சி என்ற படிவத்தைக் கொடுக்கலாம். குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால் அதை மறைக்காதீர்கள். அந்தப் படிவத்தில் பொய் சொன்னால் பாஸ்போர்ட் முடங்குவதோடு போகாது, குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கிலும் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். வழக்கு நடக்கும்போது பையனை வெளிநாடு அழைத்துப் போவதாக இருந்தால் முதலில் நீதிமன்ற அனுமதி வாங்குங்கள்.

ஆர்.கே.புரம் பெரியவர்: மகனும் மருமகளும் துபாயில். பேத்தி அங்கேதான் பிறந்தாள், எட்டு மாதம் ஆகிறது. இன்னும் தூதரகத்தில் பதியவில்லை. அவசரமா?

அவசரம்தான், சார். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தை, அப்பா அம்மா இந்தியர்கள் என்பதாலேயே இந்தியக் குடியுரிமை பெற்றுவிடாது. பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். குழந்தைக்கு வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். பெற்றோர் சொல் குடியுரிமையையே தீர்மானிக்கிற இடம் இது. ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும், அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். உங்களுக்கு நான்கு மாதம் இருக்கிறது. இன்று இரவே மகனுக்கு போன் போடுங்கள்.

அவரே: மகனுக்கு லீவு கிடைக்காது. தாத்தா நான் போடலாமா கையெழுத்து?

முடியாது. நீதிமன்றம் உங்களைக் காப்பாளராக நியமித்திருந்தால் வேறு விஷயம்.

துவாரகா வாசகி: எனக்குத் திருமணம் ஆகவில்லை, மகள் இருக்கிறாள். அவள் அப்பா பெயரை எங்கும் குறிப்பிட விரும்பவில்லை.

குறிப்பிட வேண்டாம். திருமணமாகாத தாய், தந்தைக்குத் தெரிவிக்காமலே காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்னது, அதுவும் டெல்லி வழக்குதான். பாஸ்போர்ட்டிலும் 2016 டிசம்பரிலிருந்து பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். கவுன்டரில் யாராவது முகம் சுளித்தால் மேலதிகாரியைப் பார்க்கக் கேளுங்கள்.

குருகிராம் வாசகி: கணவர் அமெரிக்கக் குடிமகன், கலிபோர்னியாவில் இருக்கிறார். ஆறு வயது மகனுக்கு அமெரிக்க பாஸ்போர்ட் எடுக்க அவர் வந்தே ஆக வேண்டுமா?

வராமலும் முடியும். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் இருவர் சம்மதமும் வேண்டும். அவர் அங்கேயே டிஎஸ்-3053 என்ற சம்மதப் படிவத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு, அடையாள அட்டை நகலோடு அனுப்பலாம். வெளிநாட்டில் பிறந்த குழந்தை என்று மகனை அமெரிக்கத் தூதரகத்தில் இன்னும் பதியவில்லை என்றால், அப்பா அமெரிக்காவில் வாழ்ந்த காலத்தை உறுதிசெய்யும் டிஎஸ்-5507 படிவமும் வேண்டும். மகன் பிறப்பதற்கு முன் அவர் அமெரிக்காவில் மொத்தம் ஐந்தாண்டு, அதில் 14 வயதுக்குப் பிறகு இரண்டாண்டு இருந்ததற்கு ஆதாரம் தேடி வையுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான், கையெழுத்தில் இல்லை. அப்புறம், இரண்டு நாட்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ள இந்தியச் சட்டம் இடம் தராது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை எடுங்கள், அதற்கும் இருவர் கையெழுத்து உண்டு.

வசந்த் குஞ்ச் வாசகர்: நாங்கள் ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்த பிறகு மகள் அங்கே பிறந்தாள். இப்போது 18 ஆகிறது, இந்தியக் குடிமகளாக ஆசைப்படுகிறாள். ஓராண்டுக்குள் கேட்டால் கிடைக்குமாமே?

நீங்கள் கேள்விப்பட்டது குடியுரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு. பெற்றோர் முறைப்படி அறிவித்துக் குடியுரிமையைத் துறந்ததால் தானும் இழந்த பிள்ளைக்குத்தான் அது. நீங்கள் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததும் 9-ஆம் பிரிவில் உங்கள் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விட்டது. இப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு 8(2) பொருந்தாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவளுக்கு இருக்கும் வழி 5-ஆம் பிரிவில் பதிவு: பெற்றோர் முன்பு இந்தியராக இருந்ததைக் காட்டி, விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாதம் இங்கே வசித்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியக் குடியுரிமையையும் விட வேண்டிவரும். இதில் உங்கள் சம்மதம் தேவையில்லை, ஆனால் உங்கள் பழைய இந்திய பாஸ்போர்ட் தேவைப்படும். தேடி எடுத்து வையுங்கள்.