வாசகர் கேள்வி–பதில்: நொடிக்கணக்கில் கிடைக்காத இடம்

கேள்வி: என் பேரன் இரண்டு கோடை விடுமுறைகளை ஆலப்புழையில் இருக்கும் என் தங்கை வீட்டில் கழித்தான். அங்கே கயாக் படகு செலுத்தப் பழகிக்கொண்டு வந்து, 200 மீட்டரை எத்தனை நொடியில் கடந்தால் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறலாம் என்று என்னைக் கேட்கிறான். ஓட்டப்பந்தயத்தில் இருப்பதுபோல் இதற்கும் தகுதி நேரம் உண்டா?
— காசிமேட்டிலிருந்து ஒரு தாத்தா

பதில்: அப்படி ஒரு நேரம் வரையறுக்கப்படவில்லை. ஓட்டப்பந்தயத்தில் சென்னையில் ஓடினாலும் டோக்கியோவில் ஓடினாலும் ஓடுபாதை ஏறத்தாழ ஒன்றே. பின்னாலிருந்து காற்று தள்ளினால்கூட அதை அளந்து, எல்லை மீறிய ஓட்டத்தைச் சாதனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். தண்ணீரில் இது நடக்காது. வாடைக்காற்றை எதிர்த்துத் துடுப்பு வலித்து வரும் நேரமும், அதே தொலைவைக் காற்றின் போக்கிலேயே வரும் நேரமும் ஒன்றல்ல என்பதைக் காசிமேட்டுக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீரின் ஆழமும் வெப்பமும்கூடப் படகின் வேகத்தை மாற்றும். ஆகையால் இந்த விளையாட்டில் ‘எத்தனை நொடி’ என்று கேட்பதில்லை. குறிப்பிட்ட ஒரு போட்டியில், ஒரே நாளில், ஒரே தண்ணீரில் ‘எத்தனையாவது இடம்’ என்றுதான் கேட்கிறார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கை எடுத்துக்கொண்டால், முதல் வாசல் 2023 ஆகஸ்டில் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் போட்டி. பெரும்பாலான இடங்கள் அங்கேயே முடிவாகிவிட்டன. அதில் தவறவிட்ட நாடுகளுக்காகக் கண்டவாரியாகத் தகுதிப் போட்டிகள் பின்னர் நடந்தன. ஆசியாவுக்கான போட்டி 2024 ஏப்ரலில் டோக்கியோவில் நடைபெற்றது. இந்த இரண்டாம் வாசல் மிகக் குறுகலானது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே எஞ்சியிருக்க, ஒரு கண்டமே அவற்றுக்குப் போட்டியிடும். நால்வர் செலுத்தும் கயாக்குக்கு அந்த வாசலும் கிடையாது. அதற்கான இடங்கள் உலகப் போட்டியிலேயே தீர்ந்துவிடும். ஆனால் ஒரே கண்டத்து நாடுகள் அத்தனையையும் அள்ளிக்கொள்ளாதபடி, குறைந்தது நான்கு கண்டங்கள் இடம்பெற வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியர்களின் ஆதிக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும்.

பேரனிடம் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். ஆண்களுக்கான 200 மீட்டர் பந்தயம் டோக்கியோ ஒலிம்பிக்கோடு போய்விட்டது. பாரிஸில் ஒற்றையர் கயாக் ஆண்களுக்கு 1000 மீட்டர், பெண்களுக்கு 500 மீட்டர் என்று நடந்தது. 200 மீட்டர் எஞ்சியது பெண்கள் ஒற்றையர் கனோவில் (முழங்காலை ஊன்றி ஒரே பக்கமாகத் துடுப்புப் போடும் படகு) மட்டுமே. எந்தத் தூரத்துக்கு உடலைத் தயார் செய்கிறான் என்பதை அவன் இப்போதே யோசிப்பது நல்லது.

கேள்வி: தகுதிப் போட்டியில் வென்றவரை விட்டுவிட்டு வேறொருவரை ஒலிம்பிக்குக்கு அனுப்பலாம் என்று படித்தேன். உழைத்தவர் ஒருவர், போகிறவர் ஒருவர் என்பது அநியாயம் இல்லையா?
— திருவொற்றியூர் கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். தகுதிப் போட்டியில் பெறப்படும் இடம் அந்த நாட்டின் ஒலிம்பிக் சங்கத்துக்கு உரியது. துடுப்புப் போட்டவரின் பெயரில் அது எழுதப்படுவதில்லை. அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது என்பதை நாடு முடிவு செய்யும். வேண்டாம் என்று நாடு விட்டுக்கொடுத்தால், தரவரிசையில் அடுத்து நிற்கும் நாட்டுக்கு அது போய்ச் சேரும்.

எனக்கும் இது முதலில் அநியாயமாகவே பட்டது. ஆனால் உலகப் போட்டிக்கும் ஒலிம்பிக்குக்கும் இடையில் ஏறக்குறைய ஓர் ஆண்டு கிடக்கிறது. அதற்குள் ஒருவர் தோள்பட்டையில் காயம் பட்டுக்கொள்ளலாம், இன்னொருவர் வளர்ந்து அவரை முந்தலாம். நால்வர் படகில் இரண்டாம் இருக்கைக்காரர் மட்டும் நிரந்தரம் என்று சொல்லிவிட்டால் அந்தப் படகு உருப்படாது. அநியாயம் எங்கே நுழைகிறது என்றால், இறுதித் தேர்வுப் பந்தயம் எந்த நாளில், எந்த அளவுகோலில் நடக்கும் என்று முன்கூட்டியே அறிவிக்காமல், கடைசி நேரத்தில் மூடிய அறைக்குள் பெயரை மாற்றும்போதுதான்.

இதில் நுட்பமான ஒரு கணக்கும் உண்டு. ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டுக்கு வைத்திருக்கும் மொத்த வரம்பு படகுகளுக்கு அன்று, ஆட்களுக்கு. நியூசிலாந்தின் லிசா கேரிங்டன் பாரிஸில் ஒற்றையர், இருவர், நால்வர் ஆகிய மூன்று 500 மீட்டர் கயாக் பந்தயங்களிலும் தங்கம் வென்றார். மூன்று பந்தயங்களுக்கும் சேர்த்து அவர் ஒரே ஆளாகத்தான் எண்ணப்பட்டார். ஆகவே நால்வர் படகில் தகுதி பெற்ற நாடு, அந்த நால்வரையே பிரித்து மற்றப் படகுகளிலும் இறக்கிவிட முடிகிறது. பாரிஸில் பெண்கள் இருவர் கயாக்கில் ஹங்கேரி இரண்டு படகுகளை இறக்கி, ஒன்றில் வெள்ளியும், மற்றொன்றில் ஜெர்மனியோடு பகிர்ந்துகொண்ட வெண்கலமும் பெற்றது. நால்வர் படகைக் கட்டியெழுப்ப முடியாத நாடுகளுக்கு ஒற்றையர், இருவர் படகுகளின் ஒடுங்கிய வழியே மிச்சம்.

கேள்வி: பாரிஸில் இந்தியர் ஒருவர் படகுப் போட்டியில் கலந்துகொண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தேனே?
— தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: நீங்கள் பார்த்தது பால்ராஜ் பன்வாரை. அவர் கலந்துகொண்டது ரோயிங்; தென்கொரியாவின் சுங்ஜு நகரில் 2024 ஏப்ரலில் நடந்த தகுதிப் போட்டி வழியாகச் சென்றவர். ரோயிங்கில் துடுப்பு படகோடு பூட்டப்பட்டிருக்கும், செலுத்துபவர் போகும் திசைக்கு முதுகு காட்டி அமர்வார். கயாக்கிலும் கனோவிலும் துடுப்பு கையில் மட்டுமே இருக்கும், முகம் முன்னோக்கி இருக்கும். இரண்டுக்கும் உலகச் சம்மேளனமும் வேறு, தகுதி விதிகளும் வேறு.

கேள்வி: ஆசிய விளையாட்டில் பதக்கம் வென்றால் ஒலிம்பிக் இடம் தானாகவே கிடைத்துவிடுமா?
— எண்ணூர் வாசகி

பதில்: கிடைக்காது. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவின் அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும் இருவர் கனோ 1000 மீட்டரில் வெண்கலம் வென்றார்கள். ஆனால் பாரிஸில் ஆண்கள் இருவர் கனோ 500 மீட்டராக மாறியிருந்தது. பதக்கம் வாங்கிய தூரமே அங்கே இல்லை. அவர்களும் மற்றவர்களைப் போலத் தகுதிப் போட்டியின் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. ஆசிய விளையாட்டுக்கு உள்ளே நுழைவதில் உள்நாட்டு முடிவுகளுக்கே எடை அதிகம்: சம்மேளனத்தின் தேர்வு ஒருபுறம், அரசின் அளவுகோல் மறுபுறம். ஹாங்சோவுக்கு முன்பு மத்திய விளையாட்டு அமைச்சகம் தனிநபர் போட்டிகளுக்கு வைத்த அளவுகோல், 2018 ஆசிய விளையாட்டில் எட்டாம் இடம் பெற்றவரின் திறனுக்குக் குறையக்கூடாது என்பது.

கேள்வி: கட்டுமரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எளிதாக வருமா?
— காசிமேட்டிலிருந்து இன்னொருவர்

பதில்: தண்ணீருக்கு அஞ்சாத குணமும் சமநிலையும் நிச்சயம் உதவும். ஒற்றையர் கனோவில் ஒரு முழங்காலை ஊன்றி, ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டு, சுக்கான் இல்லாமலேயே நேர்கோட்டில் போக வேண்டும். துடுப்பாலேயே திசையைத் திருத்திக்கொள்ளும் அந்தப் பழக்கம் உங்கள் பிள்ளைகளுக்கு அன்னியமன்று. ஆனால் கட்டுமரம் அலையைத் தாங்கக் கட்டப்பட்டது. ஒற்றையர் பந்தயக் கயாக்கோ 520 சென்டிமீட்டர் வரை நீளமும் 12 கிலோவுக்குக் குறையாத எடையும் கொண்ட ஒல்லியான கூடு. புதிதாக ஏறுபவரை முதல் நாளே கவிழ்த்துவிடும். பயிற்சிக்கு அலையில்லாத, நேரான 1000 மீட்டர் தண்ணீர் வேண்டும். போட்டி நடத்துவதானால் ஒவ்வொன்றும் 9 மீட்டர் அகலத்தில் ஒன்பது தடங்கள் வேண்டும். எண்ணூர் முகத்துவாரத்தில் நீளம் கிடைக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே படிந்த எண்ணெயைக் கண்டவர்கள் பிள்ளைகளை அந்தத் தண்ணீரில் இறக்கத் தயங்குவார்கள். ஆகவே இப்போதைக்கு, இந்திய விளையாட்டு ஆணையத்தின் ஆலப்புழை மையம், ஒடிசாவின் ஜகத்பூர் மையம், போபாலின் பெரிய ஏரி ஆகிய இடங்களையே விசாரித்துப் பாருங்கள். எங்கு போனாலும் முதலில் நீச்சல் தெரியுமா என்றுதான் கேட்பார்கள்.